வெள்ளைக்காரப் பேய்களுக்குத் தமிழ் கொடுத்த கதை

டப்பிங் என்பது, அடுத்தவன் வாய் எப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டே பேசுகிற தொழில்.

கல்யாணமானவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார் எங்கள் ஸ்டூடியோ முதலாளி நிஸாம் நானா. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கேகாலை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி அறை. முன்பு அங்கே கல்யாண வீடியோ எடிட் பண்ணினார்கள். சுவரெல்லாம் முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டிச் சத்தத்தை அடக்கியிருக்கிறோம். கீழே யாராவது இருமினால் இங்கிலாந்தில் கேட்கும்.

இங்கிலாந்து எங்கே வந்தது என்றால், கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் பழைய பிரிட்டிஷ் சிறுவர் தொடர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். வாரம் ஒரு கதை. ஒரு வாரம் பேய், மறுவாரம் பின்னோக்கி ஓடுகிற கடிகாரம், அதற்கடுத்த வாரம் வீட்டுப்பாடம் செய்து தருகிற இயந்திரம். கதைக்குக் கதை ஆட்கள் வேறு, ஊர் வேறு. மழையும் கம்பளிச் சட்டையும் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. அதைத் தமிழாக்கும் வேலை எங்களிடம் வந்தது. வசனம் எழுதுவதும் ஆண் குரல்கள் கொடுப்பதும் நான். அதற்கு முன் கரவனெல்லைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். அதனால் இன்னும் எல்லோருக்கும் நான் "சேர்".

மொழிபெயர்க்கிறவர்களே, குரல் கொடுக்கிறவர்களே, ஊர்க் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

செத்தவன் சைக்கிள் ஓட்டுகிறான்

எங்களிடம் இருந்தவை மூன்றே குரல்கள். இளைஞன், அப்பா, போலீஸ், பேய் எல்லாம் நான். கிழவர்களும் பாதிரிமாரும் நிஸாம் நானா. பெண்களும் பிள்ளைகளும் சரோஜா. சரோஜா எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், ஆயம்மா. ஒவ்வொரு குழந்தையும் எப்படி அடம்பிடிக்கும் என்று பேசிக் காட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டால் அறையில் பத்துப் பிள்ளைகள் நிற்பது போலிருக்கும். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்றதும் பயத்தில் பத்தும் ஒரே பிள்ளையாகிவிட்டது.

கரவனெல்லையில் நான் முடி வெட்டிக்கொள்கிற சலூன்காரர் நடராஜா. பாதித் தலையில் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சேர், போன கிழமை கொளத்துல விழுந்து செத்துப்போன பொடியன், இந்தக் கிழமை சைக்கிள்ல போறானே?" அது வேறு கதை, வேறு பையன் என்றேன். "கொரல் அதே கொரல்தானே?" என்றார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள். கதைக்குக் கதை ஆள் மாறும், குரல் மாறாது, எங்களிடம் ஆள் இல்லை என்று பாதித் தலையோடு விளக்கம் சொன்னேன். அவர் மிச்சப் பாதியையும் வெட்டி முடித்தார். பிறகு துணியை உதறிவிட்டுச் சொன்னார்:

"நீங்க சொல்றது சரிதான் சேர். ஆனா எங்க வீட்டுக்காரி, இவன் பேயாத்தான் வந்திருக்கான், இப்பத் தெரியும், இப்பத் தெரியும்னு அடுப்புல சோத்தக்கூட மறந்துட்டு உக்காந்திருந்தா. கடைசியில பார்த்தா அவன் பரீட்சையில பாஸாகிட்டான்."

வாய் மூடினால் வெட்டு

எங்கள் ஒலிப்பதிவுக்காரன் சமிந்த. நல்ல பையன், நுணுக்கமான வேலைக்காரன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. திரையில் வாய் அசைவதைப் பார்ப்பான், எங்கள் சத்தத்தை அதற்கு ஏற்றபடி நறுக்குவான். எங்களுக்கு ஒரே பெருமை. தமிழ் தெரிந்தவன் என்றால் சொல்லுக்கு இரக்கப்படுவான், இவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கதையில், பாழடைந்த வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும். கதவுக்கு வெளியே ஏதோ தட்டுகிறது. தங்கை எழுந்து போகிறாள். அண்ணன் உயிரே போகிற மாதிரி, "கதவைத் திறக்காதே!" என்று கத்த வேண்டும். சரோஜா நன்றாகத்தான் கத்தினாள். ஆனால் ஆங்கிலத்தில் அது இரண்டே சின்னச் சொல். பையனின் வாய் சீக்கிரம் மூடிவிட்டது. ஒளிபரப்பில் என் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். தங்கை எழுந்தாள். அண்ணன் உயிரே போகிற மாதிரி, "கதவைத் திற!" என்று கத்தினான். அவள் திறந்தாள். பேய் உள்ளே வந்தது. பிறகு அந்த அண்ணன் அரைமணி நேரம் தங்கைக்காகக் கண்ணீர் விட்டான். யார் நம்புவார்கள்?

மறுநாள் தோட்டத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அந்த அண்ணனைத் திட்டினார்கள். நான் கேகாலைக்குப் போய்ச் சமிந்தவிடம் சிங்களத்தில், நீ நறுக்கியது ஒரு சொல்லின் பாதியடா, உயிரை எடுத்துவிட்டாய் என்று சத்தம் போட்டேன். அவன் கணினியில் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான். பிறகு தன் வேலையில் குறை காணாத நிம்மதியோடு என் பக்கம் திரும்பினான்.

"கட்ட வெஹுவனே, சேர்." வாயை மூடிட்டானே, சேர்.

அப்படியா

வெள்ளைக்காரர்கள் பேசாத இடத்திலும் வாயை அசைப்பார்கள். அந்த அசைவை நிரப்ப ஏதாவது வேண்டும். நான் "அப்படியா" போட்டேன். பேயைப் பார்த்தவனும் அப்படியா, எதிர்காலத்துக்குப் போய் வந்தவனும் அப்படியா, வீடு எரிகிறது என்று சொன்னாலும் அப்படியா. பஸ் தரிப்பிடத்துத் தேத்தண்ணிக் கடையில் என் பெயரே அதுவாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் பின்பக்கமாக வந்து நிற்கிறேன், கடைக்காரர் உள்ளே பார்த்துக் கத்துகிறார்:

"அப்படியாவுக்கு ஒரு பிளேன்டீ, சீனி கொறச்சு!"

ரோதைமுனி

ஒரு பழைய மாவு ஆலை. அதன் சக்கரத்துக்குள் ஒரு ஆவி குடியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ கிராமத்துப் பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு நல்ல சொல் கையிலேயே இருந்தது. எங்கள் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரச் சக்கரத்தைக் காக்கிற தெய்வம் ரோதைமுனி. வருஷத்துக்கு ஒருமுறை படையல் போடாமல் ரோலர் ஓட்டமாட்டார்கள். ஆங்கிலத்து ஆவிக்கு அந்தப் பெயரையே வைத்தேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஒளிபரப்பான மறுநாள் காலை பெருமாள் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். ஃபெக்டரியில் ரோலர் ஓட்டுகிறவர், படையல் போடுவதும் அவர்தான். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை. "எங்க சாமிய ரெண்டு வெள்ளக்காரப் பசங்க டோர்ச் லைட் அடிச்சு வெரட்டுறாங்க. அது ஐயோ அம்மான்னு ஓடுது. அந்த ஐயோ அம்மாவும் உங்க கொரல்தான்" என்றார். குரல் உயரவேயில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரோடேயே கடைக்குப் போய்த் தேங்காயும் சூடமும் வாங்கினேன். ஃபெக்டரிக்குள் சக்கரத்துக்கு முன்னால், வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்த்திருக்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்தபோது சட்டையெல்லாம் தேயிலைத் தூள். பெருமாள் அண்ணன் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். போகும்போது ஒரு சொல் சொன்னார்:

"சாமி மன்னிச்சிரும் சேர், அது பெரிய மனசு. காலையில இருந்து ரோலர்தான் ஓடல."

மைக்கைக் கொடுங்கள்

பேய்க்குரல் என்றால் நான் தொண்டையைச் சுருக்கி, மூச்சை இழுத்து, மெதுவாகப் பேசுவேன். அது தோட்டத்துப் பிள்ளைகளிடம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஒரு கல்யாணத்தில்தான் தெரிந்தது. அறிவிப்புச் செய்ய என்னை அழைத்திருந்தார்கள். அன்று எனக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. மண்டபத்தில் எதிரொலி வேறு. "மணமக்கள்... மேடைக்கு... வரவும்" என்றேன்.

முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அது எதற்கு அழுகிறது என்று பார்த்த அடுத்த குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு வரிசையாக எல்லாம் பிடித்துக்கொண்டன. ஒரு சின்னப் பெண் மேசைக்குக் கீழே போய்விட்டாள், அவளை வெளியே எடுக்க இரண்டு மாமாக்கள் குனிந்தார்கள். பயப்படாதீர்கள் பிள்ளைகளே என்று நான் மைக்கில் சொன்னது பெரிய பிழை. பேய்க் கதைகளில் நான் எப்போதும் முதலில் சொல்வது அதைத்தான். மணப்பெண்ணின் அப்பா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். மரியாதை தெரிந்த மனிதர், காதோடுதான் சொன்னார்:

"தம்பி, நீங்க அவசியம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். இப்ப மைக்கக் குடுத்துருங்க."

விட்டிடாதேங்கோ

இதுவரை சொன்னதெல்லாம் ஊர் சிரித்து மறந்த விஷயங்கள். இனி வருவது அப்படியல்ல.

ஒரு கதையில் ஒரு பெரிய வீட்டுக்குள் கள்ளன் புகுகிறான். அங்கே இருக்கிற நிலைக்கண்ணாடி அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவும் போலீஸ்காரரும் என் பேனாவில் பாடப்புத்தகத் தமிழில் வந்தார்கள். "அப்பா, எனக்கு அச்சமாக இருக்கிறது" என்ற மாதிரி. கள்ளன் வந்தபோது மட்டும் கை தானாக எழுதியது: "ஐயோ, என்னாங்க இது, கண்ணாடியில எம் மொகத்தயே காணோம்?" ஏன் அப்படி எழுதினாய் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கமாட்டேன். கள்ளன் என்றால் அப்படித்தானே பேசுவான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. ஒலிப்பதிவில் அந்தக் குரல் தண்ணீர் மாதிரி வந்தது. வராமல் என்ன செய்யும்? பிறந்ததிலிருந்து நான் வீட்டில் பேசுவது அதுதான்.

கொழும்பு அலுவலகத்தில் எங்கள் தொடருக்குப் பொறுப்பானவர் வாசுகி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் கண்டிப்பு, மனதில் நேர்மை. அவர் முன்னால் நான் செய்தி வாசிக்கிறவன் மாதிரிதான் பேசுவேன். என்னைக் கேகாலை டவுன் ஆள் என்று நினைத்திருந்தார். நான் திருத்தியதில்லை. கள்ளன் கதையை அனுப்பியபிறகு நடந்த கூட்டம் முடிந்ததும் கேட்டார், "அந்தக் கள்ளன்ர குரல் ஆர்? அச்சொட்டா இருக்கு. தோட்டப்பக்க ஆளோ?" மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் நல்ல இஸ்திரி போட்ட சட்டை. நான் சொன்னேன், "ஆம் மிஸ். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். பிடித்துக்கொண்டு வந்தோம்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வாசுகி மிஸ் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்:

"அப்படியான ஆக்கள் கிடைக்கிறது கஷ்டம். விட்டிடாதேங்கோ."

நம்ம ஆளு

கள்ளன் ஒளிபரப்பான கிழமை தோட்டத்துக்குள் நடக்கவே பயமாக இருந்தது. இவ்வளவு படிச்ச நீங்க, நம்ம பேச்சைக் கொண்டுபோய்க் கள்ளனுக்கா குடுத்தீங்க என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டு நடந்தேன். பால் நிறுக்கிற இடத்தில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் வாளியை வைத்துவிட்டுக் கைதட்டினார். இன்னொருவர், "என்னாங்க இது, மொகத்தயே காணோம்" என்று நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை.

சுப்பையா கங்காணி வந்து என் தோளில் கைபோட்டார். "சேர், இவ்வளவு நாளா நாங்க அத பொம்மப் படம் மாதிரிதான் பார்த்தோம். அதுங்க பேசுறது எங்களுக்கு எங்க வெளங்குது? மொத மொதல்ல இவன் பேசுனதுதான் வெளங்குச்சு. லயத்து வீடுகள்ல எல்லாம் டீவி சத்தத்தக் கூட்டி வச்சாங்க." அப்போது நான் சிரித்திருக்க வேண்டும். தயார் பண்ணின பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கங்காணிக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது:

"அந்தப் படத்துல நம்ம ஆளுன்னு இருந்தது அவன் ஒருத்தன், அவனயும் கண்ணாடிக்குள்ள பூட்டிட்டீங்களே!"

மேல்மாடிப் பிள்ளைகள்

இதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வந்த கதை, ஒரு மாளிகையில் வேலைக்கு இருந்த சிறுமியைப் பற்றியது. நகையை எடுத்தாள் என்று பழிபோட்டு நிலவறையில் பூட்டுகிறார்கள். அவள் அங்கேயே இறந்துபோய், பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடும்போது படிக்கட்டில் வந்து நிற்கிறாள். மிரட்டுவதில்லை. நான் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறாள். நான் என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாளிகையின் மேல்மாடிப் பிள்ளைகள், "அம்மா, எங்களுக்குப் பசிக்கிறது." வேலைக்காரச் சிறுமி, "நான் எடுக்கலீங்கம்மா, சத்தியமா எடுக்கலீங்க." கள்ளனால் வந்த வெட்கம் இருந்தும், எழுதும்போது அது என் கையைப் பிடிக்கவில்லை.

எல்லாக் குரலும் சரோஜாதான். மேல்மாடிப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பத்துத் தடவை எடுத்தோம். சிறுமிக்கு ஒரே தடவை. அவள் பேசி முடித்ததும் சமிந்த, ஒரு சொல்லும் புரியாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரோஜா வெளியே வந்து தண்ணீர் போத்தலை எடுத்தாள். "சேர், ஏன் இவ மட்டும் இப்படிப் பேசுறா?" என்று கேட்டாள். வேலைக்காரப் பிள்ளை இல்லையா, அதனால்தான் என்றேன். இயல்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். வாசுகி மிஸ்ஸிடம் கற்ற சொல்.

அவள் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "நான் சின்னப் பிள்ளையில கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு இருந்தேன் சேர். யாருக்கும் சொன்னதில்ல. அந்த வீட்டுப் பிள்ளைங்களும் மேல்மாடிப் பிள்ளைங்க மாதிரிதான் நல்லாப் பேசுங்க. கூட்டாளிங்க வந்தா என்னயக் கூப்புட்டு, பேசு பேசுன்னு சொல்லுவாங்க. நான் பேசுவேன், அவங்க சிரிப்பாங்க." போத்தலை மூடினாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள் சரோஜா, எழுதினதை மாற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம், பேசினது பேசினதுதான் என்று பையை எடுத்துக்கொண்டாள். கதவடியில் நின்று, குறை சொல்கிற மாதிரியே இல்லாமல் சொன்னாள்:

"அங்க மைக்கு இல்ல சேர். அந்த ஒரு வித்தியாசம்தான்."

சின்னப் பிழை

அடுத்த கதையை நான் ஒரே மூச்சில் எழுதினேன். கடிகாரத்தைப் பின்னால் சுற்றி இறந்துபோன அப்பாவைப் பார்க்கப் போகிற இரண்டு பிள்ளைகள். இருவரையும் எங்கள் தமிழில் பேசவிட்டேன். அப்பாவையும் அப்படியே. "நீ ஏன் இவ்வளவு நாளா வரலப்பா?" என்று சரோஜா கேட்டபோது, அவளிடமிருந்த பத்துப் பிள்ளைகளும் ஒருவழியாக மைக்குக்கு முன்னால் வந்துவிட்டன. நிஸாம் நானா தன் பங்கு இல்லாவிட்டாலும் முழுதும் நின்று கேட்டார். "இது நல்லா ஈக்குது மகன்" என்றார். கொழும்புக்கு அனுப்பிவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு தலைநிமிர்ந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

வாசுகி மிஸ் இரண்டு நாளில் ஃபோன் எடுத்தார். அன்பாகத்தான் பேசினார். "பிள்ளையள் எல்லாரும் வேலைக்காரர் மாதிரிக் கதைக்கினம். ஏதோ சின்னப் பிழை நடந்திட்டுதுபோல. மாத்தி அனுப்புறீங்களா?" இது பிழையல்ல, வேண்டுமென்றே எழுதினேன், இது ஒரு மக்களின் பேச்சு என்று சொல்ல நான் வாய் திறந்தேன். என் வாய் சொன்னது எனக்கே கேட்டது: "ஆம் மிஸ். மன்னிக்கவும். நாளைக்கே மாற்றி அனுப்புகிறேன்."

மாற்றினேன். மறுபடி பேச வா என்று சரோஜாவிடம் சொல்லும்போது, கொழும்பில் கேட்கிறார்கள், நாம் என்ன செய்வது என்று ஏதேதோ சேர்த்துச் சொன்னேன். அவள் வந்தாள். "நீங்கள் இத்தனை நாளாக ஏன் வரவில்லை அப்பா?" என்று சுத்தமாகப் பேசினாள். பத்துப் பிள்ளைகளும் திரும்ப ஒன்றாகிவிட்டன. முடித்துவிட்டு ஹெட்ஃபோனை என் கையில் கொடுத்தாள்:

"எனக்கு ரெண்டும் வரும் சேர். உங்களுக்குத்தான் எது வேணும்னு தெரியல."

இவ்வளவு நாளும்

தொடரின் கடைசிக் கதைக்கு வாசுகி மிஸ் தானே கேகாலைக்கு வந்துவிட்டார். வேறொரு கிரகத்திலிருந்து வந்த மனிதன், செம்மறிப் பண்ணை ஒன்றில் வழிதவறி இறங்கிவிடுகிறான். பிள்ளைகள் அவனை வைக்கோலுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். "இவன் பூமி ஆள் இல்லைத்தானே," என்றார் மிஸ். "ஒருத்தரும் ரீவீயில கேட்டிராத மாதிரி ஒரு தமிழ் வேணும். அந்தக் கள்ளன்ர குரல் ஆளைக் கூப்பிடுங்கோ."

அவர் ஊரில் இல்லை என்றேன். எப்போது வருவார் என்றார். தெரியாது என்றேன். "நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்" என்று ஃபோனைக் கையில் எடுத்தார். நிஸாம் நானா ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திருத்தப் போய்விட்டார். சரோஜா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதவி செய்கிற பார்வையும் இல்லை, காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை. வேறு வழியே இல்லாமல்தான் சொன்னேன், தைரியத்தால் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். "மிஸ், அந்த ஆள் நான்தான்."

அவர் சிரித்தார், நம்பவில்லை. நான் உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். திரையில் பிள்ளைகள் கேட்கிறார்கள், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று. வைக்கோலுக்குள்ளிருந்து அந்த மனிதன் வாயைத் திறக்கிறான். முதல் தடவை குரல் நடுங்கி உடைந்தது. இரண்டாவது தடவை தாளைப் பார்க்காமல் பேசினேன். "ரொம்ப தூரங்க. எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான். இங்க கொண்டாந்து எறக்கி விட்டுட்டாங்க. போற வழி தெரியலீங்க."

சமிந்த ஒரு சொல்லையும் வெட்டவில்லை. நான் வெளியே வந்து, எங்கள் தோட்டத்தின் பெயரை, எங்கள் லயத்தை, அப்பா பால் வெட்டினதை, எல்லாவற்றையும் வாசுகி மிஸ்ஸிடம் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் ஃபோனைப் பைக்குள் வைத்தார். முகம் சிவந்திருந்தது. கோபமென்று நினைத்தேன், கோபமில்லை. "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கும் சொன்னவை, உங்கட யாழ்ப்பாணத் தமிழ் ஒளிபரப்புக்குச் சரிவராது எண்டு. நான் தலையாட்டினனான்," என்றார். பிள்ளைகளின் வசனத்தையும் எங்கள் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, மேலே ஒத்துக்கொள்ளமாட்டார்கள், வேற்றுக்கிரகத்தான் அப்படியே போகட்டும் என்றார். படியிறங்கப் போனவர் நடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்:

"அப்ப இவ்வளவு நாளும் என்னோட கதைச்சது ஆர்?"

கள்ளன், வேலைக்காரி, வேற்றுக்கிரகவாசி என்று எங்கள் தமிழ் படிப்படியாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் என் ஆயுசுக்குள் அது ஒரு சாதாரண மனிதன் வாய்க்கும் வந்து சேர்ந்துவிடும்.